இருபத்தாறில் எத்தனை இருபத்தாறு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவில் ஒரு சைக்கிள் டயர் வெந்துகொண்டிருந்தது.

கதை விடவில்லை. நிஜ டயர். புத்தம் புதுசு. பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. என் மச்சினன் தங்கவேலு ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தான். ரப்பர் நாற்றம் தெருக்கோடி வரை போயிருக்கும். தலைக்குக் குளிக்க வந்த என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

டயரை யாராவது வேகவைப்பார்களா? நாங்கள் வைத்தோம். ஏன் வைத்தோம் என்று சொல்லத்தான் இந்த வாரம் முழுக்கத் துடித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று வயது வரை தினமும் சைக்கிள் மிதித்திருக்கிறேன். ஆனால் டயர் அளவு என்றால் என்ன என்று எனக்கு ஞாயிறு மத்தியானம்தான் தெரியும். வெட்கமாகத்தான் இருக்கிறது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருக்கிறது!

முதலில் விஷயத்தின் தீவிரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சாந்தாமணி ஒரு நூல் மில்லில் டெலிபோன் ஆபரேட்டர். இரண்டு வருஷம் உடுமலைப்பேட்டைக் கிளையில் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரி வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கிளம்பிவிடுவாள். அந்த இரண்டு வருஷமும் இப்போது நாலாவது படிக்கும் மகளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். அந்தப் பின்னலைப் பார்த்து அவளுடைய டீச்சரே ஒரு நாள் அவிழ்த்துப் பின்னி அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போன ஆடியில்தான் பீளமேடு ஹெட் ஆபீசுக்கு மாற்றல் கிடைத்தது. வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

ஆனால் ஒரு நிபந்தனை. காலை ஷிப்ட். ஆறு மணிக்கு மில் சங்கு ஊதும்போது ஆபரேட்டர் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். ராத்திரியெல்லாம் போர்டைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன் சங்கு ஊதியதும் எழுந்து போய்விடுவார். நாங்கள் இருப்பது விளாங்குறிச்சிக்கு அந்தப் பக்கம். எங்கள் ஸ்டாப்புக்கு முதல் டவுன் பஸ் ஆறேகாலுக்கு. ஆகவே சைக்கிள். லேடீஸ் சைக்கிள்.

கேரியரில் உட்கார வைத்து நீயே கொண்டுபோய் விடலாமே என்று கேட்பீர்கள். நானும் சொன்னேன். மூட்டை மாதிரி மில் கேட்டில் போய் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். 

ஐப்பசி மழை பிடித்தது. பிடித்த வேகத்தில் ஒரே மாதத்தில் இரண்டு பஞ்சர். இரண்டும் பின் சக்கரம். இரண்டு நாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் லேட். பத்தாததற்கு ஒரு நாள் வழுக்கி விழுந்து முட்டியில் காயம். மானேஜர் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷர், எங்கள் கோயமுத்தூர்க்காரர், கெட்ட செய்தியையும் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார். இன்னொரு தடவை லேட்டானால் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வேறொரு பெண்ணைக் காலை ஷிப்டுக்குப் போட்டுவிட்டு, அம்மணியை மறுபடியும் உடுமலைக்கே அனுப்பும்படி ஆகிவிடுமுங்க என்றாராம்.

அன்று ராத்திரி சாந்தாமணி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. மறுபடியும் அந்த சனி-ஞாயிறு வாழ்க்கையா? மார்கழி வேறு வருகிறது. மழை விட்டால் பனி, பனி விட்டால் குளிர். பொங்கல் வரைக்கும் விடிகாலை ரோடு ஈரமாகத்தான் இருக்கும்.

“டயர் விஷயத்தை எங்கிட்ட விடு அம்மணி. திங்கட்கிழமை நீ புது டயர்ல போற” என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

சனிக்கிழமை சாயந்தரம் உக்கடத்தில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய்க்கு என் வயசுதான் இருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். இருபத்தாறு அளவில் ஒரு ஜோடி டயர் கேட்டேன். பழைய டயரைக் கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“இருபத்தாறுல நாலஞ்சு இருக்குதுங்க சார். உங்களுக்கு எதுங்க?”

அங்கேதான் என் ஜம்பம் ஆரம்பித்தது. ஆயுசு முழுக்க நான் ஓட்டுவது பெரிய ஜென்ட்ஸ் சைக்கிள். இருபத்தெட்டு. கடையில் இருபத்தெட்டு என்று சொன்னால் டயர் வரும், வீட்டுக்கு வந்து மாட்டினால் மாட்டிக்கொள்ளும். இருபத்தாறு மட்டும் என்ன தனி ஜாதியா? கண்ணெதிரே காலேஜ் பையன்கள் ஓட்டும் புது மாடல் சைக்கிளின் டயர்கள் தொங்கின. கொழுகொழுவென்று, பட்டன் பட்டனாக! ஈர ரோட்டை அப்படியே கவ்விப் பிடிக்கும் போல இருந்தது. அதைக் காட்டினேன்.

வண்டி லேடீஸ் வண்டியா, புது மாடலா என்று பாய் மெதுவாகக் கேட்டார். வண்டியும் இருபத்தாறு, டயரும் இருபத்தாறு, அப்புறம் என்னங்க என்றேன்.

“செரிங்க சார்” என்றார். பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை. கணபதி ஏரியாவில் இரண்டு லேத்து போட்டு வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் தங்கவேலுவை வரச் சொல்லியிருந்தேன். சாந்தாமணியின் தம்பி. டூல் பாக்ஸோடு வந்தான். இரண்டு சக்கரத்தையும் கழற்றினான். பழைய டயர்களை உருவிக் கொய்யா மரத்தில் மாட்டினான். புது டயரை ரிம்மில் ஏற்றினான்.

ஏறவில்லை.

ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறு பக்கம் விரலளவு வெளியே நிற்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தோம். டயர் லீவர் போட்டு நெம்பினோம். ஒரு லீவர் வளைந்தது. என் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. டயர் மட்டும் அசையவில்லை.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் என்ன செய்வார்கள்? தப்பான சாமான் என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். தெருவுக்கு ஒரு லேத்து ஓடுகிற ஊர். ஒரு சாமான் சேரவில்லை என்றால் எங்களுக்கு அது தப்பான சாமான் இல்லை. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிற சாமான், அவ்வளவுதான். திருப்பிக் கொடுப்பது கௌரவக் குறைச்சல்!

தங்கவேலு வெர்னியர் காலிப்பரை எடுத்தான். ஆறு அங்குல வெர்னியரை வைத்து இருபத்தாறு அங்குலச் சக்கரத்தை எப்படி அளப்பது? முடியாது. அதனால் அளக்க முடிந்ததையெல்லாம் அளந்தான். ரிம்மின் அகலம், ஸ்போக்கின் கனம், டயருக்குள் இருக்கும் கம்பியின் தடிமன்... எல்லாவற்றையும் நூலிழை சுத்தமாக அளந்து சாக்பீஸால் தரையில் எழுதினான். எழுதி முடித்துவிட்டுச் சொன்னான்:

“பேரிங் டைட்டா இருந்தா நாங்க எண்ணெய்ல போட்டு சூடு பண்ணுவமுங்க மாமா. விரிஞ்சு குடுத்துரும். டயருக்குள்ளாறயும் கம்பிதானுங்களே இருக்குது.”

அடடா, என்ன மூளை என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அப்படித்தான் டயர் அண்டாவுக்குள் போனது.

முக்கால் மணி நேரம் வெந்தது. சாக்கு வைத்துப் பிடித்து எடுத்து, ஆறுவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று ஓடினோம். விரிந்து கொடுத்ததா? மயிரிழைகூட இல்லை. என் உள்ளங்கைதான் கொப்புளித்தது.

தங்கவேலு சக்கரத்தைத் தூக்கி ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். பிறகு தீர்ப்புச் சொன்னான். டயர் சரிதான், ரிம்தான் பெரிசாக இருக்கிறதாம். ஓர் இடத்தில் அறுத்து, கொஞ்சம் துண்டு எடுத்துவிட்டு, வளைத்துச் சேர்த்து வெல்டு வைத்தால் கச்சிதமாக வந்துவிடுமாம். ரிம் சின்னதானால் ஸ்போக் எல்லாம் நீளமாகிவிடுமே என்றேன். அதையும் வெட்டி மரை போட்டுக்கொள்ளலாம் என்றான். பிரேக் கட்டை எட்டாதே? புதுசாகச் செய்துவிடலாம். கேட்கக் கேட்க அவனுக்கு உற்சாகம் ஏறியது. எனக்கும் ஒட்டிக்கொண்டது. சொன்னால் நம்புங்கள், ரிம்மை நான் பிடித்துக்கொள்ள, அவன் ஹாக்ஸா பிளேடை அதன் மேல் வைத்துவிட்டான்.

அப்போதுதான் சாந்தாமணி கையில் பழைய டயரோடு வந்தாள்.

அதுவரை எங்கள் கூத்தை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொறுக்க முடியாமல் கொய்யா மரத்திலிருந்து பழைய டயரை எடுத்து, பக்கவாட்டில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்திருக்கிறாள். எழுத்துத் தெரிந்திருக்கிறது. நாள் பூராவும் நம்பரோடு குடித்தனம் நடத்துகிறவள் இல்லையா? எங்கே நம்பரைப் பார்த்தாலும் கடைசி இலக்கம் வரை படிக்காமல் விட மாட்டாள்.

“ஏனுங்க, இதுல இருபத்தாறுக்குப் பக்கத்துல பொடி எழுத்துல இன்னொரு நம்பர் இருக்குதுங்க. முப்பத்தேழு, ஐநூத்தித் தொண்ணூறு. புதுசுல அம்பது, ஐநூத்தி அம்பத்தொம்பது. நம்பரே வேற வேறயா இருக்கறப்ப எப்படீங்க சேரும்?”

தங்கவேலு ரம்பத்தைக் கீழே வைத்தான். எழுந்து போய் டூல் பாக்ஸிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தான். ரிம்மில் டயர் உட்காரும் பள்ளத்தின் மேல் குறுக்கே பிடித்து அளந்தான். திரும்ப ஒரு தடவை அளந்தான்.

“ஐநூத்தித் தொண்ணூறு மில்லிமீட்டருங்க அக்கா” என்றான். குரலில் ஒரு பக்தி வந்துவிட்டது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

வாசகர்களே, இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். இருபத்தாறு என்பது டயரின் உள்ளளவு இல்லை. ரிம்மின் அளவும் இல்லை. காற்றடித்து நிற்கும் முழுச் சக்கரத்தின் உத்தேச உயரம். ஒரே உயரம் உள்ள இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் தட்டைச் செருப்பு, இன்னொருத்தர் குதி உயர்ந்த செருப்பு. செருப்பைக் கழற்றினால் ஆள் உயரம் வேறு வேறு. குண்டு டயருக்கு உள்ளே ரிம் சின்னது. ஒல்லி டயருக்கு உள்ளே ரிம் பெரிது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இருபத்தாறு!

லேடீஸ் வண்டி டயரில் 26 x 1 3/8 என்று பின்னத்தில் போட்டிருக்கிறது. புது மாடல் டயரில் 26 x 1.95 என்று புள்ளி வைத்துப் போட்டிருக்கிறது. பின்னம் வேறு குடும்பம், புள்ளி வேறு குடும்பம். சம்பந்தம் பேசவே முடியாது. அந்தப் பொடி நம்பர்தான் உண்மையான ஜாதகம். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் போய் உட்காரும் இடத்தின் குறுக்களவு, இரண்டும் மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால்தான் டயர் ஏறும். இல்லாவிட்டால் வேகவைத்தாலும் ஏறாது.

சந்தோஷமெல்லாம் சரி. மணி பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் கடைகள் எல்லாம் அடைத்திருக்கும். விடிந்தால் திங்கள். பழைய டயரையே மாட்டிவிட வேண்டியதுதான் என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. சாந்தாமணி டயர் சுற்றி வந்த பேப்பரைக் கிளறி பில்லை எடுத்துக்கொண்டு, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பில்லில் இரண்டு நம்பர் இருந்தன. முதல் நம்பரை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது, பாயின் வீடு. அவரே எடுத்தார். ரிசீவரைச் சாந்தாமணி என்னிடம் நீட்டிவிட்டாள். நான் தயங்கித் தயங்கி நேற்று டயர் வாங்கியதைச் சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அவரே சொன்னார்:

“வாங்க சார். ஒல்லி டயரு ஒரு ஜோடி நேத்தே எடுத்து வீட்ல வெச்சிருக்கேனுங்க. நீங்க எப்படியும் கூப்பிடுவீங்கன்னு தெரியுமுங்க.”

தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

“ரெண்டு வாட்டி கேட்டனுங்களே சார். மூணாவது வாட்டி கேட்டா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க. அது மரியாதை இல்லீங்களே.”

இதுதான் எங்கள் ஊர்! இரண்டு தடவை எச்சரிப்போம். மூன்றாவது தடவை வாயைத் திறக்க மாட்டோம். நீங்கள் போய் முட்டிக்கொண்டு திரும்பி வரும்வரை மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கும்பிடுவதா, கோபப்படுவதா? நான் அவர் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டேன். வெந்த டயரை அவர் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் மரியாதைதான்.

மாட்டும் முறையையும் அவரே சொல்லி அனுப்பினார். அதன்படி மூன்று மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். முதலில் பழைய டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தார். போடப்போவது புது டயர், பழசைத் தடவி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு அலுப்பு. சாந்தாமணிதான் தடவினாள். “ஸ்ஸ்” என்று கையை இழுத்துக்கொண்டாள்.

வேலிகாத்தான் முள்ளின் ஒடிந்த நுனி! நெல் முனை அளவு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மழைத் தண்ணீர் வேலியோரத்து முள்ளையெல்லாம் ரோட்டுக்கு அடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. முதல் பஞ்சரில் டியூபுக்கு ஒட்டுப் போட்டோம், முள்ளை டயருக்குள்ளேயே விட்டுவிட்டோம். அதே முள் மறுபடியும் குத்தியிருக்கிறது. இரண்டு லேட்டுக்கும் காரணம் ஒரே முள்! இரண்டு பஞ்சரையும் ஒட்டிக்கொண்டு வந்தது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ரிம்முக்குள் ஸ்போக் நுனி எங்காவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் தங்கவேலு அரம் போட்டான். பாலியஸ்டர் துணியைப் பட்டையாகக் கிழித்து ரிம்மைச் சுற்றினோம். மகளின் பவுடர் டப்பாவை எடுத்து டியூபுக்கும் டயருக்கும் நடுவே தூவினோம். ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமாம். டயர்? வெறும் கையாலேயே ஏறியது! லீவரே வேண்டியிருக்கவில்லை. தங்கவேலு நம்ப முடியாமல் கழற்றி இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தான்.

முதலில் பாதிக் காற்று. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயர் ஓரத்துக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு முழுக் காற்று. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெயில் காலத்தில் அடிப்பது போலக் கல்லு மாதிரி அடிக்கக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சூண்டு அமுங்க வேண்டும். அப்போதுதான் ஈர ரோட்டில் டயர் பரந்து உட்காரும். ரொம்பக் குறைத்தாலோ பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மில் கடிபட்டுவிடும். பனிக்காலத்தில் இன்னொன்று. மத்தியான வெயிலில் அடித்த காற்று விடிகாலைக் குளிரில் தளர்ந்திருக்கும். அதனால் கிளம்பும்போது ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட வேண்டும். கடைசியாக, வழவழப்பாகத் தேய்ந்துபோன டயரை மழைக்காலத்தில் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

திங்கள் காலை. ஐந்து இருபது. பொடித் தூறல், பனி மூட்டம். சாந்தாமணி டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறினாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினேன். வர வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

என்ன ஓட்டம்! தேங்கிய தண்ணீரைக் கீறிக்கொண்டு போகிறாள். சேறு பூசிய வளைவில் திரும்புகிறாள், வண்டி ஒரு நூல் அசங்கவில்லை. நான் பின்னால் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே டயரை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

ரயில்வே கேட். தண்டவாளம் நனைந்து மினுங்கியது. அவள் நேராக ஏறி நேராக இறங்கினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே குறுக்காக ஏறினேன். அவ்வளவுதான். முன் சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது முழங்கை ஜல்லியில் தேய்ந்தது.

அவள் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். ஒரு காலை ஊன்றிவிட்டாள். மணி ஐந்து ஐம்பது. இன்னும் ஒரு மைலுக்கு மேல் இருக்கிறது.

“எனக்கு ஒண்ணுமில்லை. நீ போ சாந்தாமணி, போயிரு” என்று கத்தினேன்.

ஒரு விநாடி நின்றாள். அப்புறம் போய்விட்டாள்.

பால்காரர் ஒருவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். கீழே கிடந்த என் சைக்கிளைப் பார்த்தார். முன் டயரில் கையை வைத்து ஒரு தடவு தடவினார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஞாயிறு முழுக்க அவள் டயரைப் பற்றியே கவலைப்பட்டவன், என் டயரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்த டயரை வைத்துக்கொண்டா மழையில் வருவீர்கள் என்று அவர் கேட்க, விழுந்தது நான்தானே, என் சம்சாரம் விழவில்லையே என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் என் தலையில் அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

சங்கு ஊதியது.

ரயில்வே கேட்டை அடுத்த பேக்கரி திறந்திருந்தது. வாசலில் காசு போட்டுப் பேசும் சிவப்பு டெலிபோன். ஒரு ரூபாயைப் போட்டு மில் நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கிறது... ஒன்று... இரண்டு...  யாரும் எடுக்காமல் போய்விடக் கூடாதே, சாமி.

“குட் மார்னிங். உங்களுக்கு யாருங்க வேணும்?”

அவள்தான்.  ஆபீஸ் லைனில் என்ன சொல்வது? “மன்னிச்சுக்குங்க, ராங் நம்பருங்க” என்றேன்.

“பரவாயில்லீங்க” என்றாள், அதே ஆபரேட்டர் குரலில். “முழங்கைக்கு மருந்து போட்டுக்குங்க.”